தலை மாறிய பதினொன்று

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிற்பகல் முழுக்க அவள் வெறும் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளின் கீழ் ஓரத்தில் இடப்பக்கம் எண், வலப்பக்கம் பெயர், இரண்டும் பென்சிலில். நடுவில் படம் வரவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

படம் அச்சாகிக் காய்ந்த பிறகு, நன்றாக வந்ததைப் பொறுக்கி எடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. அதற்கு அவளுக்கு நாள் இல்லை. வலது கை நரம்பை அறுத்துச் சரி செய்ய எட்டு மாதமாக வரிசையில் காத்திருந்தாள். அந்தத் தேதி, படக்கதைக் கண்காட்சிக்குப் பதினொரு நாள் முன்னால் வந்து விழுந்தது. மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுக் கிடைக்காத மேசை கண்காட்சியில் இந்த வருஷம்தான் கிடைத்திருந்தது. இரண்டில் எதையும் விட முடியாது. ஆகவே கையெழுத்து முதலில், படம் பிறகு என்று அவளே முடிவு செய்தாள்.

பக்கத்தில் நின்று தாளை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார் அவள் கணவர். காகிதக் கிடங்கில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. இருபத்தைந்து வருஷம் பண்டல் சுமந்ததில் ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது.

"ஏங்க, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்குறவங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு தெரியும்ல?"

"சொத்த எழுதி வாங்குறவன்."

"எங்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு வாங்குறீங்க?"

"நத்தை இருக்கே."

அவள் சிரித்தாள். சிரிப்பில் பென்சில் குலுங்கி, முப்பத்தொன்றாம் தாளில் ஒரு எழுத்துக்கு வால் முளைத்தது.

அந்த நத்தைதான் படம். முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஆறு மாடி வீடு. ஜன்னலுக்கு ஒரு ஆள். ஒருத்தி துணி பிழிகிறாள், ஒருவன் சவரம் செய்கிறான், ஒரு ஜன்னலில் யாரும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிகிறது. நத்தை யாரையும் எழுப்பாமல் ஊர்ந்து போகிறது. இந்த வட்டாரத்தில் அவளை நத்தைக்காரி என்று சொன்னால்தான் தெரியும். ரப்பர் மாதிரி மெத்தென்ற லினோ பலகையில் அதைச் செதுக்க ஐந்து மாதம் ஆனது. கடைசி மாடியைச் செதுக்கும்போது உளி இரண்டு முறை கையிலிருந்து நழுவியது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வலி போய்விடும். கை அசையும், டம்ளர் பிடிக்கும். பென்சில் பிடிக்குமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும்.

"அறுபது போதும்," என்றாள் அவள். "அறுபது பேர் வீட்டுல என் பேர் இருக்கும். அதுக்கப்புறம் கை வந்தா வரட்டும், போனாப் போகட்டும்."

முதல் இருபது ஒழுங்காக வந்தன. பிறகு கை தளர்ந்தது. பெயர் கோட்டை விட்டுக் கீழே சரிந்தது, எழுத்துக்கு எழுத்து நடுக்கம். நடுநடுவே நிறுத்தி, வெந்நீர்ப் பையில் கையை வைத்துக்கொள்வாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் அவர் அதுவரை முடிந்த தாள்களை அள்ளிப் பின்னறை அலமாரியில் கவிழ்த்து அடுக்கிவிட்டு வருவார். பெயர் இருக்கும் ஓரம் முன்பக்கமாக இருக்கவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஐந்து நடை நடந்தார். அறுபதாம் தாளில் கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டி மேசை மேல் போய்விட்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

*

அச்சு போடுவது அவருக்குப் புதிதில்லை. அவள் செதுக்குவாள், அவர் தேய்ப்பார். லினோ பலகையில் உருளையால் மை தடவி, தாளைக் கவிழ்த்து வைத்து, பெரிய கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாக அழுத்தித் தேய்க்கவேண்டும். தோள் போனாலும் அழுத்தம் குறையக் கூடாது. சுமை தூக்குகிறவனுக்கு அது தெரியும்.

அறுபது ஐம்பத்தொன்பதாகிவிடக் கூடாது. ஒன்று கெட்டால் ஒரு கையெழுத்துப் போச்சு. அதனால் முதல் நாள் பழைய தாள்களில் நாற்பது முறை தேய்த்துப் பார்த்தார். உதவிக்கு மச்சினி வந்திருந்தாள். நகல் எடுக்கும் கடையில் வேலை செய்பவள், மனைவியைவிட ஒன்பது வயது சின்னவள். வாய் ஓயாது. ஸ்டிக்கர்களை நத்தை வடிவத்துக்கு வளைத்து வெட்டுவது, பேட்ஜ் அழுத்துவது, துணிப்பையில் படம் பதிப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"மாமா, முந்நூறு நத்தை வெட்டிட்டேன். என் விரலே நத்தை மாதிரி வளைஞ்சு போச்சு."

"பேசாம வெட்டும்மா. கொம்பை வெட்டிறாத."

"ஏற்கெனவே நாலு நத்தைக்குக் கொம்பு இல்ல. ரிட்டயர் ஆன நத்தைன்னு சொல்லி வித்துக்கலாம்."

அடுத்த நாள் பிற்பகல், கிடங்கு ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவி, நல்ல தாளைத் தொட்டார். முதலில் நீலம் மட்டும். வீடும் ஜன்னல்களும் வானமும் வெறும் நீலத் திட்டுகளாக விழும். அது காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொரு பலகையில் கறுப்பு. அலமாரியில் தாள்கள் கவிழ்ந்தே இருந்தன. முன்பக்கம் இருந்த ஓரம் வயிற்றுப் பக்கம் வரும்படி ஒவ்வொன்றாக எடுத்து, மரச்சட்டத்தின் மூலையில் முட்டக் கொடுத்து, பலகைமேல் இறக்கினார். தேய்த்து உரித்ததும் மச்சினி இரண்டு கையாலும் வாங்கிக் கொடியில் மாட்டினாள். ஈர மையில் தூசி விழாமல் இருக்க, மை உள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாட்டினாள். அறுபதும் அப்படியே முடிந்தன. ஒரு தாளில்கூட மை அப்பவில்லை, வழியவில்லை. அவர் முதுகை நிமிர்த்தினார். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் மச்சினி தாள்களை இறக்கித் திருப்பிக்கொண்டிருந்தவள், வாயை மூடிவிட்டாள். அதுவே அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"மாமா, இங்க வாங்க."

"என்ன?"

"அக்கா பேரு வானத்துல தொங்குது."

போய்ப் பார்த்தார். நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்திரண்டு வரை பதினொரு தாளில் நீல வீடு நிமிர்ந்து நின்றது, கையெழுத்து தலைகீழாக மேலே இருந்தது.

எப்படி என்று அவர் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கிடங்கில் பண்டல் அடுக்கும்போது ஒரு அடுக்கு இப்படி, மேல் அடுக்கு தலை மாற்றி. அப்போதுதான் குவியல் சாயாமல் நிற்கும். இருபத்தைந்து வருஷம் நாளைக்கு நூறு முறை செய்தது. ஐந்து நடையில் நான்கு நடை நினைவோடு வைத்திருந்தார். ஒரு நடையில் மனசு டாக்டர் சொன்னதில் கிடந்தது. கை தன் பாட்டுக்குத் தலை மாற்றி அடுக்கிவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவுக்கு என்ன மாமா? கறுப்பையும் அதே மாதிரி திருப்பி அடிச்சிருவோம். படம் கச்சிதமா வந்துரும். பேரு மட்டும்தான் மேல நிக்கும்."

"தலைகீழா நிக்கும்."

"பென்சில்தானே? அழிச்சிட்டுக் கீழ போட்டாப் போச்சு."

"யாரு போடுறது?"

மச்சினி அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார். அக்கா மாதிரியே அவருக்குப் போட வரும் என்று அவளுக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வயது வரை அவர் எழுத்து அறியாதவர். பண்டலின் நிறத்தையும் கட்டையும் பார்த்தே எது எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். ஒருநாள் எல்லாப் பண்டலும் ஒரே நிறத்தில் வந்து, அவர் தப்பாக ஏற்றி, பத்துப் பேர் முன்னால் பேச்சு வாங்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவரை மனைவி எழுப்பி உட்கார வைத்தாள். அவள் எழுதியதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, அதன்மேல் அவர் கை ஓடவேண்டும். படம் நகல் எடுப்பது போலவே எழுத்தையும் எடுத்தார். இரண்டு வருஷம் அப்படித்தான். அதனால் அவர் எழுதினால் அவள் எழுதியது போலவே இருக்கும். அவள் கையெழுத்தையும் அந்த நாட்களில் விளையாட்டாக நூறு முறை போட்டிருக்கிறார். மளிகைச் சீட்டைக் கடைக்காரர் பார்த்து, "அம்மா எழுதினதா?" என்பார்.

அன்றைக்குக் கறுப்பை அச்சடித்தார்கள். பதினொன்றையும் திருப்பி வைத்து அடித்தார்கள். நத்தை அறுபது முறை பிழையில்லாமல் வந்தது.

இரண்டு நாள் அவர் அந்தப் பதினொன்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"எல்லாம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அறுபதுமா?"

"அறுபதும்."

சொன்ன பிறகு அதை மெய்யாக்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்தார். மேலே இருந்த பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு தாளிலும் அழித்தார். ஒரு பெயரை அழிக்க ரப்பரை நாலு இழுப்பு இழுத்தால் போதும். பிறகு பென்சிலைச் சீவி, தாளைத் திருப்பி, கீழே எண்ணும் பெயரும் எழுதினார். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

கண்காட்சி பெரிய கொட்டகை. வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு ஓவியர். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு பாத்திரமாக வேஷம் கட்டியிருந்தார்கள். அட்டையில் கவசம், துடைப்பத்தில் ஈட்டி. ஒருவர் இறக்கையை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நடந்து போனார்.

காலையில் மேசையில் அவர் மட்டும்தான். மச்சினி அக்காவை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக் கூட்டிவரப் போயிருந்தாள். பேட்ஜைக் கிண்ணத்தில் கொட்டினார். பைகளைக் கம்பியில் தொங்கவிட்டார். படங்களைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு எண் வரிசையில் நிறுத்தினார். கூட்டம் வந்தது. அதிகம் பேசாதவர் என்பதால் கேட்டதை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். தலையில் அட்டைக் கொம்பு வைத்த ஒரு பெண் படங்களை வெகுநேரம் புரட்டினாள்.

"எல்லாத்துலயும் கையெழுத்து ஒரு மாதிரி ஆடுது. இது மட்டும் அழகா இருக்கு. இதையே குடுங்க."

நாற்பத்தேழு. அவர் உறையோடு எடுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்காமல் மூடி வைத்தார்.

மத்தியானம் அவள் வந்தாள். கழுத்திலிருந்து தொட்டில் கட்டி அதில் கை. முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தன் பெயர் எழுதிய பலகையை, தொங்கும் பைகளை, கொம்பில்லாத நத்தைகளைத் தனியாக வைத்து மச்சினி எழுதியிருந்த 'ஓய்வு பெற்றவை' என்ற அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள்.

"மை நல்லா உக்காந்திருக்கு. ஜன்னல்லாம் தெளிவா விழுந்திருக்கே. எப்படித் தேய்ச்சீங்க இத?"

அவர் பேட்ஜ் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டில் அவள் விரல் நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. ஐம்பத்திரண்டு வரை போய், ஐம்பத்து மூன்றைப் பார்த்து, திரும்ப நாற்பத்தொன்றுக்கு வந்தாள்.

"இதெல்லாம் யாரு போட்டது?"

"நீதான்."

"நான் இப்படிப் போட்டு ஆறு வருஷம் ஆச்சுங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கற்றுக்கொண்டது அவளுடைய நல்ல கையை. நோய் வருவதற்கு முன்னால் இருந்த கையை. அது அவரிடம் அப்படியே இருந்தது, அவளிடம் இல்லை.

மச்சினி குறுக்கே வந்தாள். "அக்கா, நான்தான் சொன்னேன். மாமா மேல…"

"நீ போய் டீ வாங்கிட்டு வா."

மச்சினி போனாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நடை, தலை மாற்றிய அடுக்கு, ரப்பர். சொல்லும்போது ஒரு ஆள் வந்து பேட்ஜ் கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

"நான் போட்டத அழிச்சீங்களா?"

"தலைகீழா இருந்துச்சும்மா."

"இருந்தா என்ன? நான் போட்டதுதானே." அவள் குரலை உயர்த்தவில்லை. "இனிமே போட முடியுமான்னு எனக்கே தெரியாது. இருந்தது அறுபது. அதுல பதினொன்ன ரப்பர் வெச்சு…"

முடிக்காமல் விட்டாள். உறையிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். மேலே, வானத்தில், பென்சில் அழுந்திய பள்ளம் மெல்லிசாகத் தெரிந்தது. அவள் பெயர், தலைகீழாக, நடுங்கியபடி.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் நாக்கு வரை வந்து, அது இந்த இடத்துக்குப் போதாது என்று திரும்பிப் போனது.

"இதுல எத்தனை போச்சு?"

"ஒண்ணு. நாப்பத்தேழு. தலையில கொம்பு வெச்ச பொண்ணு."

"மத்தது பத்தையும் எடுங்க."

எடுத்தார். அவள் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை இடது கையால் எடுத்து அழிக்க ஆரம்பித்தாள். ஒரு கையால் அழித்தால் தாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு முறை ஓடியது. மூன்றாம் முறை அவர் குனிந்து மூலையைப் பிடித்துக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசைக்கு முன்னால் நின்றவர்கள் என்ன நடக்கிறதென்று புரியாமல் பார்த்தார்கள். பத்துப் பெயரும் போயின. அந்தப் பத்தும் பெயரும் எண்ணும் இல்லாமல் ஸ்டிக்கர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

"அந்தப் பொண்ணத் தேடணும்," என்றார் அவர்.

"ஆமா. தேடணும்."

கொட்டகையில் கொம்பு வைத்த தலைகள் குறைந்தது முப்பது இருந்தன. ஆறு வரிசை நடந்து பார்த்துவிட்டு, வாசலில் இருந்த அறிவிப்பு மேசைக்குப் போனார். மைக் முன்னால் இருந்த அம்மாள் ஒரு துண்டுத்தாளைத் தள்ளினாள்.

"என்ன சொல்லணுமோ எழுதிக் குடுங்க. சுருக்கமா."

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது. எழுதினார்.

அந்த அம்மாள் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதையேவா படிக்கணும்?"

"அதையேதாங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது. "காலையில் நத்தைப் படம் நாற்பத்தேழாம் எண் வாங்கியவர் கவனத்துக்கு. அதில் உள்ள கையெழுத்து ஓவியருடையது அல்ல. அச்சடித்தவர் போட்டது. ஓவியர் கையெழுத்துள்ள படம் வாங்கிக்கொள்ள மேசைக்கு வரவும்."

கொட்டகை அமைதியாகிவிடவில்லை. யாரோ சிரித்தார்கள், யாரோ "என்னது?" என்றார்கள், பிறகு பழைய இரைச்சல். அவர் மேசைக்குத் திரும்பும் வழியில் இரண்டு பேர் அவரையே பார்ப்பது போல இருந்தது. தலையைக் குனிந்துகொள்ளவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது.

கொம்புப் பெண் மாலை நாலரைக்கு வந்தாள். ஒரு கொம்பு ஒடிந்து கையில் இருந்தது.

"அண்ணா, ஏதோ மைக்ல சொன்னாங்களே, நெஜமா?"

"நெஜம்மா. நான்தான் போட்டேன்."

நத்தைக்காரி தன்னிடம் மிச்சமிருந்த மூன்றை மேசைமேல் பரப்பினாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபது. அந்தப் பெண் நாற்பத்தேழை உருவிப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது மூணுந்தான் யாரோ திருட்டுத்தனமா போட்ட மாதிரி இருக்கு."

மச்சினி டீயை முழுங்கியவள் புரையேறி இருமினாள். நத்தைக்காரியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கட்டுப் போட்ட கையைத் தொட்டிலோடு கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"ஆமா. ஆனா அதுதான் நான் போட்டது. பன்னெண்டு நாள் முன்னாடி. ஆபரேஷனுக்கு முந்தின நாள்."

அந்தப் பெண் கையைப் பார்த்தாள், தாள்களைப் பார்த்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். ஐம்பத்தைந்தைத் தொட்டு, வைத்து, அறுபதை எடுத்தாள். கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டிப் போன அறுபது.

"மிச்ச எழுத்து எங்க?"

"வீட்டு மேசை மேல இருக்கு," என்றார் அவர்.

பெண் சிரித்துவிட்டுப் போனாள். நாற்பத்தேழு மேசையில் கிடந்தது. இந்த முறை அவர் ரப்பரை எடுத்தார். அவள் இடது உள்ளங்கையைத் தாள்மேல் விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா. மை மேல படாம."

அவர் மெதுவாக அழித்தார். எண் போனது. பெயரின் முதல் எழுத்து போனது. அது நன்றாக எழுதப்பட்ட எழுத்து. அவள் முன்னொரு காலத்தில் எழுதியதைப் போலவே இருந்தது. அது போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றாள் அவள், கையை எடுக்காமல். "அந்தக் கடைசி எழுத்து இன்னும் சரியாப் போகல. அதையும் அழிங்க."